பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, கசற்றை நிறுத்தினார். சீனப் பெண்ணின் குரல் பாதியில் நின்றது.

"உனக்கு இந்தப் பாஷை விளங்குது, என்ன?"

என் கையில் நிலம் துடைக்கிற துணி. குனிந்து நிலத்தைத் துடைத்தேன்.

சாய்கதிரையில் கிழவர், சிஞ்ஞோராவின் புருஷன், கிடந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. இடது கையும் கண்களும்தான் மிச்சம். அந்தக் கண்கள் என்னை விட்டு அசையவில்லை.

மேசையில் என் தாள்கள் கிடந்தன.

அந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டில் புதுச் சட்டம் வந்திருந்தது. வேலை தருகிறவர் கையெழுத்து வைத்தால் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, கிடைக்கும். பெர்மெஸ்ஸோ கிடைத்தால், ஊரில், மடு அகதிமுகாமில் என் தங்கச்சியோடு இருக்கிற மகள் கிளறாவைக் கூப்பிடலாம். நாளைக்குத் தாள்களைக் குவெஸ்தூராவில், பொலிஸ் அலுவலகத்தில், கொடுக்க வேண்டும். சிஞ்ஞோரா மூன்று நாளாகக் கையெழுத்து வைக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் என் சிரிப்பால் வந்த வினை.

லிபெர்த்தா வீதியில் இருக்கும் இந்த வீட்டில், நான் நிலம் துடைக்கும்போது தினமும் இந்தப் பாட்டுகள் ஓடும். சிஞ்ஞோராவே போட்டுவிடுவார். கிழவர் கப்பலில் போன காலத்தில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய ஹொக்கியன் பாட்டுகள். ஹொக்கியன் சீனர்களில் ஒரு பகுதியினரின் பாஷை. இத்தாலிக்கு வருமுன் நான் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். அந்த வீட்டில் ஹொக்கியன் விளங்காவிட்டால் ஏச்சுத்தான் மிச்சம். வாங்கின ஏச்சில் பாஷையும் வந்துவிட்டது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு பெண் கதைப்பாள். விளங்காதவர்களுக்கு வானொலி அறிவிப்பாளர் மாதிரித்தான் இருக்கும்.

அறிவிப்பாளராம், மண்ணாங்கட்டி!

மகனுக்குப் பல் முளைத்துவிட்டது என்பாள். காது அப்படியே உங்கள் காது என்பாள். கப்பல் எப்போது திரும்பி வரும் என்று கேட்பாள். கிழவருக்காகவே பாட்டுகளைத் தேடி எடுத்து, நடுநடுவே தன் கதையையும் பதிந்து கொடுத்திருக்கிறாள்.

பாவம் சிஞ்ஞோரா, ஒன்றும் தெரியாத மனுசி என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று நாளுக்கு முன்னர், கசற்றின் மறுபக்கம் ஓடியது. "நீங்கள் விட்டுப்போன சப்பாத்துக்குள் உங்கள் மகன் மூத்திரம் பெய்துவிட்டான்" என்றாள் அவள். எனக்கு அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

திரும்பினால் கிழவரின் கண்கள்.

அன்றிலிருந்து மனுஷன் ஒரு கரண்டி சூப்கூட வாங்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சிஞ்ஞோராவோடு இரண்டு வார்த்தை கதைத்தால் போதும், இடது கையால் கதிரையைத் தட்டத் தொடங்கிவிடுவார்.

"உன்னைத்தான் கேக்கிறன். பாட்டுக்கு நடுவிலை அவள் என்ன சொல்லுறாள்?"

உண்மையைச் சொன்னால் இந்த வீடு இன்றைக்கே ரெண்டாகிவிடும். அதற்குப் பிறகு எனக்கு யார் கையெழுத்து வைப்பார்கள்? பொய் சொல்லிப் பிடிபட்டாலும் அதே கதிதான்.

கிழவரின் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்கிறதையெல்லாம் செய்துவிட்டு, இப்போது என்ன பார்வை வேண்டிக்கிடக்கு! உனக்காக நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"எண்ணெய் விளம்பரம், சிஞ்ஞோரா" என்றேன். "தலைமயிர் வளருற எண்ணெய்."

"அண்டைக்கு ஏன் சிரிச்சனி?"

"மொட்டையருக்கும் முளைக்குமாம். அதுதான்."

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கசற்றை மறுபடியும் ஓடவிட்டார்.

கிழவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள்கள் இறங்கின. கண்களை மூடிக்கொண்டார்.

"குசினிக்கு வா."

மேசையிலிருந்த தாள்களை எடுத்துக்கொண்டு சிஞ்ஞோரா முன்னால் நடந்தார். துணியை வாளிக்குள் போட்டுவிட்டுப் பின்னால் போனேன். பிடிபட்டுவிட்டேன். மாதாவே, கிளறாவுக்கு இனி என்ன சொல்வேன்?

சிஞ்ஞோரா கதவைச் சாத்தினார். தாளை விரித்தார். கையெழுத்து வைத்தார்.

"இவரோடை கப்பலிலை இருந்த சமையல்காரன், ஒரு பினாங்குச் சீனன், எப்பவோ இஞ்சை சாப்பிட வந்தவன்" என்றார். "கசற்றைப் போட்டுக் காட்டினன். அவன் எல்லாம் சொல்லிப்போட்டான்."

வெங்காயம் முடிந்துவிட்டது என்று சொல்வாரே, அதே குரல்.



"பிறகேன் அவருக்கு முன்னாலை என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"நீ பொய் சொல்லுறது அவர் காதிலை விழவேணும்."

"நான் உண்மையைச் சொல்லியிருந்தால்?"

"சொல்லமாட்டாய். உனக்கு இந்தக் கையெழுத்து வேணும். அதுக்குத்தான் இவ்வளவு நாளும் வைக்காமல் இருந்தனான்."

அந்த இடத்தில் அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆனால் அவர் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். சூப்பைக் கோப்பையில் ஊற்றும்போது அகப்பை சட்டி விளிம்பில் கடகடவென்று அடித்தது.

கோப்பையை என் கையில் தந்தார். முகத்தைக் காட்டவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நம்பினாத்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். கொண்டுபோய்க் குடு."