பக்கத்து மேஜை

“அங்க பாரு! அந்த ஆளு என் கார்ல கை வைக்கிறான்!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கையிலிருந்த காப்பி தளும்பியது. ஹால் வாசலிலிருந்தே அவர் மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே அவருடைய மேஜைமேல் குனிந்து நின்றிருந்தார் பேக்கரிக்காரர். கையில் ஒரு சின்ன இடுக்கி. சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோலப் பக்கத்திலிருந்த தன் மேஜைக்கு நகர்ந்துவிட்டார்.

அன்றைக்கு மாடல் கார் போட்டி. நிஜக் காரை அப்படியே உள்ளங்கையில் அடங்கும்படி சுருக்கி, ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டின் தையல்வரை தன் கையாலேயே செய்து கொண்டுவர வேண்டும். கண்ணாடிக்காரர் பழைய காலத்து மஞ்சள் டாக்சி ஒன்றைச் செய்திருந்தார். பேக்கரிக்காரர் செய்தது கூரையில்லாத பச்சைக் கார்.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனது பேக்கரிதான். இரண்டு தடவையும் இரண்டாவதாக நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டியது நம் கண்ணாடி.

கண்ணாடிக்காரர் ஓட்டமாக ஓடிப்போய் டாக்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லைட் இருந்தது. பம்பர் இருந்தது. கதவு திறந்தது, மூடியது.

“எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?” என்றாள் மனைவி.

“அதான் சந்தேகமே! வெளியில தெரியாத மாதிரி என்னமோ பண்ணிட்டான். ஜட்ஜ் தொட்டதும் பொலபொலன்னு உதிரப் போகுது பாரு.”

“நேரா போய்க் கேட்டுட வேண்டியதுதானே?”

“கேட்டா ஒத்துக்குவானா? மூஞ்சியைப் பாரு, வாயில விரல் வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மாதிரி!”

“ஒரு பொம்மைக் காருக்காக இவ்வளவு கொதிக்கணுமா?”

“பொம்மை இல்ல. மாடல்!”

“சரி, மாடல்” என்று சொல்லிவிட்டு அவள் மற்ற மேஜைகளைப் பார்க்கப் போய்விட்டாள். பேக்கரிக்காரரும் டீ குடிக்க வெளியே போனார்.

கண்ணாடிக்காரர் மெல்ல நகர்ந்து பச்சைக் காரின் பக்கத்தில் போய் நின்றார். சும்மா பார்க்கத்தான். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஸ்பீடு மீட்டரில் முள்ளைக்கூட வரைந்து வைத்திருக்கிறான் பாவி! கதவோரம் அரிசி அளவில் ஒரு சைடு மிரர் வேறு பளபளத்தது.

விரல் தானாக நீண்டது. ஒரே ஒரு சுண்டு.

மிரர் கழன்று உள்ளங்கையில் வந்து விழுந்தது.

‘என் காரைத் தொட்டேல்ல? அனுபவி’ என்று மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“ஐயையோ, சார்!”

டீ டம்ளரோடு பேக்கரிக்காரர்.

கண்ணாடிக்காரர் மிரரும் கையுமாகத் திரும்பினார். “அது... வந்து...”

“மிரர் விழுந்துடுச்சா? நல்லவேளை, நீங்க பார்த்தீங்க! இல்லேன்னா யார் காலிலயாவது மிதிபட்டிருக்கும்.”

“ஆங்... ஆமா.”

“சார், ஒரு உதவி. உங்க கையாலேயே ஒட்டிக் குடுத்துடுங்களேன். அடுத்தவங்க கார்னா எனக்குக் கை கல்லு மாதிரி நிக்கும். என் கார்னா பாருங்க, தந்தியடிக்குது!”

நிஜமாகவே டம்ளரிலிருந்து டீ சிந்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஜட்ஜுகள் முதல் மேஜைக்கு வந்துவிட்டார்கள். ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை.

கண்ணாடிக்காரர் குனிந்தார். ஊசி முனையில் துளிப் பசையைத் தொட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிரரை இம்மி பிசகாமல் அதன் இடத்தில் உட்கார வைத்தார். தன் டாக்சியில்கூட எதையும் அவ்வளவு பயபக்தியோடு ஒட்டியதில்லை.

டாக்சியை ஜட்ஜுகள் தொட்டார்கள், தூக்கினார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள். எதுவும் உதிரவில்லை.

முதல் பரிசு பச்சைக் காருக்கு. டாக்சிக்கு, வழக்கம்போல, இரண்டாவது.

கோப்பையை வாங்கிய பேக்கரிக்காரர் சும்மா இறங்கி வந்திருக்கலாம். மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தக் கோப்பையில பாதி அந்த சாருக்குத்தான் சேரணும். என் கார் மிரர் கழண்டு விழுந்துடுச்சு. போட்டிதானே, நமக்கென்னன்னு அவர் போயிருக்கலாம். போகல. கையில எடுத்து வச்சுக்கிட்டு நின்னார். அவரேதான் ஒட்டியும் குடுத்தார்!”

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. ஒவ்வொரு தட்டும் கண்ணாடிக்காரரின் கன்னத்தில் விழுந்ததுபோல இருந்தது.

மனைவி அவரை வியப்பாகப் பார்த்தாள். “நீங்களா?”

“ம்...”

மேடையிலிருந்து இறங்கி வந்த பேக்கரிக்காரரை அவள் விடவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டாள். “தப்பா நினைச்சுக்காதீங்க. காலையில இவர் டாக்சிகிட்ட இடுக்கியும் கையுமா நின்னீங்களே, என்ன விஷயம்?”

பேக்கரிக்காரர் மாட்டிக்கொண்டவர்போலத் தலையைச் சொறிந்தார்.

“அடடா, பார்த்துட்டீங்களா? டாக்சியோட வைப்பர் கழண்டு கிடந்தது, தங்கச்சி. ஒட்டி வச்சேன். சொன்னா போட்டி நேரத்துல சார் பதறுவாரேன்னு சொல்லல.”

கண்ணாடிக்காரரின் தோளில் அன்பாகக் கை போட்டார்.

“அதனாலதான் என் மிரரோட சார் நின்னதைப் பார்த்ததும் சட்டுனு புரிஞ்சுது, இவரும் நம்மள மாதிரிதான்னு!”