வேற்று வலயம்

மறுபடியும் திரையில் அதே வரி. இந்தத் தட்டு இந்த வலயத்துக்கு உரியதல்ல.

அவள் டிவிடியை வெளியே எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

பாரிசிலிருந்து சுபோதினி அனுப்பியது. கணவனின் சித்தப்பா மகள். அங்கே கடையில் விற்கிற, சந்தையைப் பற்றிய ஒரு விவரணப் படம். அதில் அவள் அண்ணா, இவளுடைய கணவனைப் போல ஒருவர் வருகிறாராம். சின்ன வயதில் பார்த்த முகம், சுபோதினியால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

படகு கவிழ்ந்துவிட்டது என்று, கணவனை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் சொல்லிப் பல வருடங்கள். உடல் வரவில்லை.

அவள் பொட்டை அழிக்கவில்லை. மாமி மகனின் படத்துக்கு மாலை போடவில்லை.

பாரிசில் விற்கும் தட்டு யாழ்ப்பாணத்து டிவிடி பெட்டியில் ஓடாது என்று அவளுக்கும் சுபோதினிக்கும் தெரிந்திருக்கவில்லை.

தொலைபேசியில் சுபோதினி கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தாள்.

"அண்ணி, உங்கட பெட்டி மாதிரியே வச்சிருக்கிற ஒருத்தர் பட்டன்களை மாத்தி மாத்தி அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிச்சு எழுதியிருக்கிறார். தட்டு வைக்கிற வாயைத் திறந்து விடுங்கோ. தட்டு வைக்காதேங்கோ. ரிமோட்டில ஒன்பதை அழுத்துங்கோ."

திரையின் மூலையில் ஓர் எண் முளைத்தது. ஐந்து.

"அதைப் பூச்சியமாக்க வேணும். அப்பதான் எந்த நாட்டுத் தட்டும் ஓடுமாம். ஆனா அண்ணி..."

"என்ன?"

"கீழ இன்னொருத்தர் எழுதியிருக்கிறார். அப்படிச் செய்ய அவற்ற பெட்டி செத்துப் போச்சாம்."

அவள் விரல் பொத்தானின் மேல் நின்றது.

பெட்டி செத்தால் ஒன்றும் தெரிய வராது. இத்தனை வருடம் போல இனியும் இருந்துவிடலாம்.

"அழுத்து பிள்ளை," என்றாள் மாமி.

அழுத்தினாள்.

திரை கறுத்தது.



பெட்டிக்குள் ஏதோ உரசியது. மூலையில் பூச்சியம். தட்டை வைத்தாள். வாய் மூடிக்கொண்டது.

படம் ஓடியது.

யாரோ பிரெஞ்சில் பேசினார்கள். மீன் பெட்டிகள். கூவி விற்கும் பெண்கள். ஒவ்வொரு முகமாக அவள் தேடினாள். மாமி கதிரையை விட்டிறங்கி, திரைக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்தாள்.

கறுப்புக் கோட் போட்ட ஒருவன் கூட்டத்துக்குள் நடந்து போனான். முதுகுதான் தெரிந்தது. அவன் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. அண்ணாந்து, "பப்பா" என்று கூப்பிட்டாள்.

மாமி சட்டென்று திரும்பி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது அவனில்லை. நிப்பாட்டு பிள்ளை."

அவள் நிறுத்தவில்லை.

திரையில் இருந்தவன் இன்னும் முகத்தைத் திருப்பவில்லை.