குறுக்குச் சட்டம்

"லைட்ட இன்னும் கொஞ்சம் கீழ காட்டும்மா."

லிசா குனிந்து, கைவிளக்கைப் பிக்அப் வண்டியின் அடியில் நீட்டினாள். அங்கே அவள் அப்பா ஸ்டானிஸ்லாஸ் மல்லாந்து கிடந்தார்.

வண்டி மரக்கட்டைகளின் மேல் நின்றது. ஒரு சக்கரமும் தரையில் இல்லை.

இந்த வண்டியில்தான் அவள் இன்று வீட்டைவிட்டுப் போவதாக இருந்தது.

வண்டிக்காரன் மாதப்பன் ஷெட் வாசலில் நின்றான். ஹனூரிலிருந்து மைசூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவருகிறவன். யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட வண்டியைப் போன மாதம்தான் வாங்கியிருந்தான். அவளைப் பார்த்துவிடக் கூடாதென்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையை, காலைப் பூசையில் லிசாவுக்கு இரண்டாம் தடவையாக வாசித்தார்கள். மாப்பிள்ளை பெங்களூர், பெயர் நீல். இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் நிறுத்தியபோது பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள். லிசா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது மாதப்பன் சொன்னபடியே தெருமுனையில் காத்திருந்தான். அவளோடு அப்பாவும் வருவதைப் பார்த்ததும் பயந்துபோய் வண்டியைக் கிளப்பினான். அடியில் மடார் மடாரென்று சத்தம் கேட்டது.

அப்பா நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு ரோட்டில் மண்டியிட்டுப் பார்த்தார்.

கியர்பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் விரிசல் விட்டிருந்தது. முன்பே விட்டுப்போனதை அரைகுறையாக ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்து மாதப்பனிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

"இத வச்சுக்கிட்டு எங்க போவ தம்பி? அறுந்து விழும். நம்ம ஷெட்டுக்கு எடு."

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷெட்டைத் திறந்து லிசா பார்த்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவையும், கல்யாணப் பத்திரிகை கொடுக்க நஞ்சன்கூட்டில் தன் அக்கா வீட்டுக்குப் போய்வரச் சொல்லி பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். விளக்குப் பிடிக்க லிசாவைத்தான் கூப்பிட்டார். முடியாது என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பழைய ஒட்டையெல்லாம் ராவி எடுத்தார். விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் இரண்டு முனையிலும் துளை போட்டார். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொட்டார்.

மாதப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"வெல்டிங்குல லேசா ஒரு பொட்டு வெச்சு உட்டாப் போதுங்கய்யா. ஹனூரு வரைக்குந்தானுங்களே."

"போதாது."

வெயில் ஷெட் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. இருட்டிவிட்டால் பாலாறு செக்போஸ்ட்டில் வண்டியை விடமாட்டார்கள். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. மேட்டூரில் மாதப்பனின் அத்தை காத்திருந்தாள்.

அப்பா வெல்டிங் மிஷினை இழுத்துப் போட்டார்.

"பொறி பறக்கும். மேல என்ன வச்சிருக்க?"

"காலி க்ரேட்டுங்க" என்றான் மாதப்பன். அவன் குரல் மாறிவிட்டது.

க்ரேட்டுகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்கு அடியில், நேற்றே அவள் கொடுத்தனுப்பிய பை இருந்தது. சர்ட்டிபிகேட்டுகளும் சில புடவைகளும்.

அப்பா எழுந்து வந்தார். அவர் தார்ப்பாயைத் தூக்கவில்லை. ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் விரித்தார். ஓரங்களை உள்ளே செருகிக்கொண்டே வந்த கை ஓரிடத்தில் நின்றது. பிறகு அந்த இடத்தின் மேல் இன்னொரு சாக்கைப் போட்டார்.

"கண்ண மூடிக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி அடியில் போனார்.

மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் வந்தது. இரும்பு சுடுகிற வாசம் தொண்டையில் ஒட்டியது. வேலை முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. முடிந்துவிட்டால், அப்பாவின் கண் முன்னாலேயே, அப்பா செய்துகொடுத்த வண்டியில் ஏற வேண்டும். ஓடவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டியதோடு அவர் விடவில்லை. கனமான பட்டை ஒன்றை வெட்டி, விரிசலுக்கு மேல் வைத்து, சுற்றிலும் ஒட்டினார். யாரும் கேட்காமலேயே பிரேக் குழாயைப் பார்த்தார். சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார்.

"அதெல்லாம் நல்லாத்தானுங்கய்யா இருக்குது" என்றான் மாதப்பன், கெஞ்சுகிற மாதிரி.

அப்பா கடைசியாக ஒருமுறை வண்டிக்கடியில் போய் கியர்பாக்ஸ் போல்ட்டுகளை இறுக்கினார். அவருடைய கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஸ்பேனர் சத்தம் நின்றது.

"மாதப்பா."

அவன் பெயரை அங்கே யாரும் சொல்லியிருக்கவில்லை.

"பாலாறு எறக்கத்துல கொஞ்சம் மெல்லப் போ. இவளுக்கு வளைவு ஆகாது. வாந்தி எடுப்பா."

லிசா விளக்கைக் கீழே வைத்தாள். வாசலில் மாதப்பன் அசையவில்லை.

"டாடி."

கால்கள் மெல்ல உள்ளே போயின.

"கட்டைய எடுத்து வண்டிய நீங்களே எறக்கிக்கங்க."

வண்டிக்கும் ஷெட் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் சரியாக நுழைய முடியாத இடைவெளிதான் இருந்தது. அப்பா லிசா நின்ற பக்கம் வராமல், அந்தப் பக்கமாக ஊர்ந்து வெளியே போனார்.