மீசைக்காரரின் ஹாரன்

"தங்கச்சி, எப்படி இருக்கான் நம்மாளு?" என்று கேட்டபடி கழுகு வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் வழக்கம்போல ஆப்பிள் பை. அவள் அதை இரண்டு விரலால் வாங்கித் தள்ளி வைத்தாள்.

கழுகு என்பது அவள் மனசுக்குள் வைத்த பெயர். வாய் திறந்தால் அண்ணன்தான்.

"இருக்காருண்ணே," என்றாள். அந்த 'இருக்காரு'வைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

அந்த வட்டாரத்தில் கழுகும் இவள் கணவரும் சேர்த்து நாலே பேர்தான், விலை மலிவு என்று கப்பலில் வந்த சிவப்பு டிராக்டரை ஆளுக்கொன்று வாங்கினார்கள். நுணுக்கமான சமாச்சாரம் எதுவும் கிடையாது, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று டீலர் தலையில் கட்டினார். கொஞ்ச நாளில் அவரே கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள்.

ஒரு வாஷர் போனாலும் கடல் தாண்டித்தான் கேட்க வேண்டும். அதனால் நாலு பேரும் கூடி ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். முதலில் போகிறவன் வண்டி, இருக்கிறவனுக்கு. பிரித்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்கு நாலு பேருக்கும் கல்லுக்குண்டு மாதிரி உடம்பு, சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள்.

முதலில் மேட்டுவீட்டுக்காரர் போனார். அடுத்து மீசைக்காரர். இரண்டு பேர் கட்டிலருகேயும் கழுகு ஆப்பிளோடு வந்து உட்கார்ந்தார். இரண்டு வண்டிகளையும் பிரித்துவிட்டார்கள்.

மீசைக்காரர் ஆசையாக மாட்டியிருந்த ஹாரனும் கழுகின் வண்டிக்குப் போனது. எருமை கத்துகிற மாதிரி ஒரு ஹாரன் அது. தெருவில் அது முதல் தடவை ஒலித்தபோது, மீசைக்காரரின் மனைவி "வந்துட்டாரு!" என்று வாசலுக்கு ஓடிவந்தாள். வந்து நின்று அவள் அழுத அழுகை இன்னும் இவள் காதைவிட்டுப் போகவில்லை.

இப்போது கட்டிலில் இருப்பது இவள் கணவர். இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

"வண்டி நிக்குதா?" என்று தினமும் காலையில் கேட்பார். டீசல் பம்ப் போய், கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடக்கிற வண்டிதான். ஆனாலும் "நிக்குதுங்க" என்று இவள் சொன்னால்தான் சாப்பிட வாயைத் திறப்பார். அதைப் பிரித்தால் இவரும் போய்விடுவார் என்று அவளுக்குள் ஒரு பயம் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது.

போன வாரம் கழுகு வந்துபோன அன்று கணவர் புதிதாக ஒன்று சொன்னார். "கொட்டகையில மீசைக்காரன் ஸ்பானர் தட்டுறான்டி." அவள் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

முன்பெல்லாம் கழுகு தன் வண்டியிலேயே வந்து இறங்குவார். இப்போது பஸ். அங்கே வண்டி படுத்துவிட்டது, அதனால்தான் கண் இங்கே என்று அவள் கணக்குப் போட்டாள். ஆளும் இளைத்திருந்தார். கழுகுக்குப் பசி போல.

ஆப்பிளோடு ஒரு சாக்குப் பையும் கொண்டுவருவார். இன்றைக்குப் பெருக்குவதற்காக அதைக் காலால் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. போகும்போது மட்டும் அதே பை தோளில் காற்றில் ஆடும். கழற்றியதையெல்லாம் எங்கே பதுக்குகிறாரோ!

"வண்டிய ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்," என்று வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு கழுகு கொல்லைப் பக்கம் போனார்.

அவள் கணவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது கேட்டது. எருமை கத்துகிற மாதிரி, நீளமாக, கொல்லையிலிருந்து.

கணவர் வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "மீசைக்காரன்டி," என்றார். "என்னைக் கூப்பிடறான்."

அவள் கொல்லைக் கதவைப் பார்த்தாள். அடுத்த நொடி புத்தி வேலை செய்தது. அந்த ஹாரன் கழுகின் வண்டியில் அல்லவா இருக்கிறது? வண்டியைக் கொண்டுவந்து எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார். இதைக் கட்டி இழுத்துப் போகப் போகிறார்!

சுவரில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு டிராக்டர், அவர்களுடையது. தார்ப்பாய் தரையில் கிடந்தது. பானெட்டைத் திறந்துபோட்டு, முழங்கைவரை கிரீஸோடு கழுகு இன்ஜின்மேல் கவிழ்ந்திருந்தார்.

"மூச்சு இருக்கும்போதே பிடுங்க வந்துட்டீங்களா?" அவள் கத்தினாள். அழுகையும் சேர்ந்து வந்தது. "உங்க வண்டி ஓடணும்னா என் புருஷன் சாகணுமா?"

அவர் எட்டிச் சாவியைத் திருப்பினார்.

வண்டி இரண்டு தடவை இருமியது. கறுப்பாகப் புகை கக்கியது. பிறகு ஓட ஆரம்பித்தது.

"ஏய்! நம்ம வண்டிடி!" என்று வீட்டுக்குள்ளிருந்து கணவரின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

துடைப்பம் அவள் கையிலிருந்து நழுவியது. "பம்பு... ஏதுண்ணே?"

"என்னோடதுதான். கிளட்ச்சும் என்னோடதுதான். ஹாரன் மட்டும் மீசையோடது."

"அப்ப உங்க வண்டி?"

அவர் காலிப் பையை உதறி மடித்தார். சட்டை உடம்பில் ஒட்டாமல் தொங்குவதை அவள் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள்.

"பேச்சுன்னா பேச்சுதானே, தங்கச்சி," என்றார். "டாக்டர் என்னைத்தான் முதல்ல போகச் சொல்லிட்டாரு."