ராசியான நம்பர்

"ஒரே ஆளுக்கு இத்தனை காய்ச்சல் மாத்திரையா? உங்களுக்குக் கொஞ்சம்கூட சந்தேகம் வரலையா?"

சௌம்யா கேட்ட வேகத்தில் முகமது ஆசிக் மிரண்டே போனார். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்தில் அவர் மருந்துக்கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு அம்மாள் வந்து நின்று போலீஸ் மாதிரி விசாரிக்கிறாள்.

"இன்னா மேடம் சொல்றீங்க? யாரு அந்த ஆளு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். போன மாசம் பூரா உங்க கடையில ஒரே போன் நம்பருக்கு பில் போட்டிருக்கீங்க. காலைல மாத்திரை, சாயங்காலம் மாத்திரை. யாரு அந்தப் புண்ணியவான்?"

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்." தலைவலி மாத்திரை கேட்டு வந்த ஒரு பெரியவருக்கு பில் போடத் திரும்பினார் ஆசிக்.

சௌம்யாவின் போன் டிங் என்றது. படிக்காமலே விரலால் தள்ளிவிட்டாள். நாள் முழுக்க இதே தொல்லைதான். புடவைத் தள்ளுபடி, மாங்காட்டில் மனை, பீட்சா ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். மனுஷி படிப்பாளா இதையெல்லாம்?

அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இந்தப் பக்கத்து மருந்துக்கடைகளின் பில் விவரமெல்லாம் வந்து சேரும். காய்ச்சல் மாத்திரையை ஒரே இடத்தில் நிறையப் பேர் வாங்கினால் கம்ப்யூட்டரில் சிவப்புப் புள்ளி விழும். உடனே சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும், கொசு மருந்து அடிக்க ஆள் வரும். வாங்கியவர் யார் என்று மட்டும் தெரியாது. போன் நம்பரை மறைத்து, அதற்குப் பதில் ஒரு குறியீடு போட்டுத்தான் அனுப்புவார்கள். ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததே சௌம்யாதான்.

அண்ணனூரில் சிவப்புப் புள்ளி விழவே இல்லை. யாரோ ஒரே ஆள் மாத்திரையாக வாங்கிக் குவிப்பதாகத்தான் காட்டியது. 'எதுவோ ஒரு கிறுக்கு' என்று அவளும் ஒதுக்கிவிட்டாள்.

அதே அண்ணனூரில், அவள் எதிர் ஃப்ளாட் அனுசுயாவின் மகள் ஜோதிகா போன வாரம் டெங்குவில் போய்விட்டாள். மூன்றாம் வகுப்பு. லிஃப்டில் பார்த்தால், "ஆன்ட்டி, நான் பட்டனை அமுக்கட்டுமா?" என்று கேட்கிற குழந்தை. சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்பதே சௌம்யாவுக்குத் தெரிந்தது.

"எங்க காய்ச்சல் வந்தாலும் உங்க கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடும்னு சொல்வீங்களே சௌம்யா, என் பொண்ணுக்கு வந்தது மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?" என்று அனுசுயா கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பாவி. அதற்குப் பதில் தேடித்தான் இப்போது கடை வாசலில் நிற்கிறாள்.

பெரியவரை அனுப்பிவிட்டு ஆசிக் வந்தார்.

"மேடம், அது ஒரு ஆளே இல்ல. நம்பர் கேட்டா எவனும் தர மாட்றான். தந்தா லோன் வேணுமான்னு போன் மேல போன் வருதாம். நம்பர் போடாங்காட்டி இந்த மிஷின் பில்லு அடிக்காது. நான் இன்னா பண்றது? எல்லாருக்கும் ஒரே நம்பரைத் தட்டி வுட்டுக்கினு கீறேன்."

"எல்லாருக்குமா?"

"ஆமா. தெருவே காச்சல்ல கெடந்துச்சே மேடம், தெரியாதா?"

சௌம்யா கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தெரு முழுக்க ஒரே ஆளாகிப் போயிருக்கிறது. அய்யோ, ஒரு நாள் இறங்கி வந்து இந்த மனுஷனைக் கேட்டிருக்கக் கூடாதா? கண் கலங்கியது. கலங்கிய வேகத்திலேயே கோபமும் வந்தது.

"ஒவ்வொரு பில்லுக்கும் அந்த நம்பருக்கு மெசேஜ் போகும் இல்ல?"

"போவும்."

"இத்தனை மெசேஜ் வந்தும், 'என்னப்பா இது, நான் வாங்கவே இல்லையே'ன்னு ஒரு தடவைகூட அவங்க கேக்கலையா?"

"ஒரு போனுகூட வர்ல மேடம்."

"சே! என்ன ஜென்மம்! ஒரே ஒரு மெசேஜைப் படிச்சிருந்தா ஒரு குழந்தை பொழைச்சிருக்கும். யாருன்னு சொல்லுங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அந்தப் பெத்தவ முன்னாடி நிறுத்தறேன். அவங்களே பதில் சொல்லட்டும்."

"பேரு தெரியாது மேடம். மொத போணி பண்ணவங்க நம்பரு அது. ராசியான கை, அன்னிக்கு வியாபாரம் பிச்சுக்கிச்சு. அதான் அப்படியே மனசுல நின்னுடுச்சு."

"பொம்பளையா, ஆம்பளையா?"

"வந்தது ஒரு சாரு. கண்ணாடி போட்டுக்கினு, ஆபீஸ் பையோட. நம்பர் கேட்டதுக்கு, 'என்னுது வேணாம்பா, ஊட்டுக்காரம்மா நம்பரப் போட்டுக்கோ, அவங்க மெசேஜே பாக்க மாட்டாங்க'ன்னு சிரிச்சாரு."

அதற்குள் தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் அவசரமாகப் படியேறி வந்தாள்.

"அண்ணே, பாப்பாக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. காச்சல் மருந்து குடுங்க. நம்பரெல்லாம் கேக்காதீங்க."

"கேக்கல தங்கச்சி." ஆசிக்கின் விரல்கள் பழகிய பழக்கத்தில் மளமளவென்று மிஷினைத் தட்டின.

சௌம்யாவின் கையிலிருந்த போன் டிங் என்றது.

இந்த முறை அவள் தள்ளவில்லை, படித்தாள்: 'ஆசிக் மெடிக்கல்ஸுக்கு மீண்டும் வந்ததற்கு நன்றி.' அதற்கு மேலேயும் அதே நன்றிதான். விரல் தள்ளத் தள்ள, போன மாசம் முழுக்க அது வந்துகொண்டே இருந்தது.