கஸ்பாரின் பெட்டி

மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, தன் படகு நிற்குமிடத்தைப் பிற படகுகளின் திரையில் காட்டும் சமிக்ஞைப் பெட்டியை எப்போதும் அணைத்துவிடுவான் கஸ்பார். அதனால்தான் அவன் கடலில் காணாமல் போனபோது எங்கே தேடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நடுப்பகலில், தம்பி லூர்துவின் படகிலிருந்த சமிக்ஞைப் பெட்டி திடீரெனக் கூவியது. அதன் திரையில் ஒரு புள்ளி, பக்கத்தில் கஸ்பாரின் படகு எண்.

"மச்சான், அண்ணன் உயிரோட இருக்கான்!" என்று உடனிருந்த மைத்துனன் ரூபனிடம் கத்திக்கொண்டே படகைத் திருப்பினான் லூர்து.

புள்ளி காட்டிய இடத்தில் படகு இல்லை. ஒரு பலகைகூட மிதக்கவில்லை. ஆனால் தண்ணீர் முழுக்க மீன்கள் துள்ளின. பெட்டி விடாமல் கூவியது.

ரூபன் அவசரமாக வலையை இறக்கினான். "மாப்ளே, நம்ம பெட்டிய அணைச்சுப் போடு. இல்லன்னா நாளைக்கு ஊரே இங்க வந்து நிக்கும்."

"அண்ணன் கூப்பிடுதான் மச்சான்..."

"கூப்பிட்டுத்தானே இடத்தக் காட்டிருக்கான்! மொதல்ல மீனப் பாரு."

லூர்து மீனைப் பார்த்தான். கை தானாகப் போய்ப் பெட்டியை அணைத்தது. அந்தக் கணமே அண்ணனின் கூவலும் நின்றது. பதறிப்போய் மறுபடி சுவிட்சைப் போட்டான். பெட்டியின் பச்சை விளக்கு எரியவில்லை.

மீன்கள் மட்டும் படகை இன்னும் நெருங்கி வந்தன.