இடுப்புக் கயிற்று ரிமோட்

அவருக்கு வலது தோள் விட்டுப்போயிருந்தது.

மூட்டை சுமந்தே தேய்ந்த தோள். இப்போது ஷட்டர் சங்கிலியை இழுத்து இழுத்து மிச்சமும் போய்விட்டது. ஒரு பிடி இழுத்தால் ஷட்டர் நாலு விரல் ஏறும். வேன் வெளியே போகிற உயரத்துக்கு வருவதற்குள் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

மோட்டார் இருக்கிறது. அவர்தான் சுவிட்சை அணைத்து வைத்திருந்தார்.

ஷட்டரைத் திறக்கிற ரிமோட் திருட்டுப் போய்விட்டது.

மஞ்சள் மண்டியில் வேனை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன நேரம். திரும்பி வந்தால் கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. முன்பக்கக் கண்ணாடிக்கு மேலே சொருகியிருந்த ரிமோட்டைக் காணோம். டேஷ்போர்டில் கிடந்த ஆர்.சி. நகலையும் காணோம்.

வீட்டுச் சாவியையும் கொடுத்து, விலாசத்தையும் எழுதிக் கொடுத்த மாதிரி.

மகன் பூபதி தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான், ரிமோட்டை வண்டியில் வைக்காதீர்கள் என்று. அவன் தன்னுடையதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டுதான் லோடு ஏற்றுவான்.

"எருமைக்கு மணி கட்டுனாப்பல" என்பார் அவர்.

நாலு பேர் முன்னால் வைத்து.

ஷட்டர் ரிப்பேர் செய்கிற சாதிக் ஏணியில் நின்று மோட்டார் பெட்டியைத் திறந்தான். கொண்டுவந்த புது ரிமோட்டை அதோடு சேர்த்தான். பொத்தானை அமுக்கியதும் ஷட்டர் முனகிக்கொண்டு ஏறியது. இறங்கியது.

"பொட்டியில பழைய ரிமோட் பதிவையெல்லாம் அழிச்சர்றனுங்கண்ணா. திருடுனவன் வந்து அமுக்கி அமுக்கி விரல் நோகட்டும்."

"செரி."

"இன்னொரு ரிமோட் இருந்துச்சுங்களே? அதையும் எடுத்துட்டு வாங்க. அழிச்சா அதும் செத்துப்போயிரும். கையோட சேத்திக்கலாம்."

"அது பையன்கிட்ட."

"வரச் சொல்லுங்க."

அவர் தோளைப் பிசைந்துகொண்டார்.

பூபதியைத் திருப்பூரில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். ஓசூரில் என்றார் இன்னொருத்தர். போன் போட்டால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். வேறு ஆள் இல்லாத வீட்டில், சில நாள் அவர் அந்தக் குரலை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைக்கிறார்.

"போயி ரெண்டு வருசமாச்சு" என்றார். "அதை விட்டுட்டு, திருட்டுப் போனதை மட்டும் அழிக்க முடியாதா?"

"இந்தப் பொட்டியில முடியாதுங்க. அழிச்சா எல்லாம் போகும். இல்லாட்டி எல்லாம் இருக்கும்."

"அப்ப இருக்கட்டும்."

சாதிக் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தான்.

"திருடனுக்குமில்லீங்க தொறக்கும்? வண்டி போச்சுன்னா உங்க பொழப்பே போச்சு."

அவர் வேனைப் பார்த்தார். இருபது வருடம் முதுகில் மூட்டை சுமந்து வாங்கின வேன்.

"தொறக்கட்டும்."

"அண்ணா, ரெண்டு வருசங்கறீங்க. அந்த ரிமோட்டுல பேட்டரியே செத்திருக்கும்."

"மாத்தியிருப்பான்."

 சாதிக் பெட்டியை மூடித் திருகாணியை முறுக்கினான்.

அவன் போனபிறகு, புது ரிமோட்டில் கயிறு கோத்து இடுப்பில் கட்டினார். நடந்தால் தொடையில் இடித்தது. குனிந்தால் அடிவயிற்றில் குத்தியது.

இதோடுதான் அவன் மூட்டை தூக்கினான்.

மோட்டார் சுவிட்சைப் போட்டார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து வேனுக்கும் ஷட்டருக்கும் நடுவே போட்டார். ஜாக்கியின் இரும்பு ராடை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். படுத்துப் பார்த்தார்.

ஷட்டர் ஏறினால் முதலில் கால் தெரியும். அப்புறம் முழங்கால். திருடனா பூபதியா என்று முகம் தெரிகிறவரைக்கும் பொறுக்க வேண்டும்.

அவர் பொறுக்கிற ஆள் இல்லை. கை முந்திக்கொள்ளும்.

பூபதி போன அன்றைக்கும் கைதான் முந்தியது.

லோடோடு வண்டியைப் பள்ளத்தில் விட்டு அச்சை முறித்துக்கொண்டு வந்திருந்தான் பூபதி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. உட்கார்ந்து, சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தான். அவர் தட்டைப் பிடுங்கினார்.

"வண்டியத் தின்னுட்டு வந்தவனுக்குச் சோறு வேறயா?"

அவன் எழுந்தான். விரலில் பருக்கை ஒட்டியிருந்தது. கை கழுவவில்லை. இந்த ஷட்டர் வழியாகத்தான் போனான்.

வெளியே நின்று, இடுப்பிலிருந்த ரிமோட்டை அமுக்கி, ஷட்டர் தரையைத் தொடுகிறவரை இருந்து பார்த்துவிட்டுப் போனான். அந்த நேரத்திலும்.

அவர் எழுந்தார். ராடை எடுத்து வேனுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்.

உள்ளே போய் உலை வைத்தார். ரசம் கொதித்தது. தட்டில் சோற்றைப் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷட்டர் அசையவில்லை.

பூபதிக்கு ஒரு தட்டுச் சோறு பாக்கி.